பேப்பர் சுத்தின புல்லட்டுக்கு எண்ணெய் போடணுமா, வேண்டாமா?

மார்ச் 2, வந்த கேள்வி

45-70 தோட்டா சுடற ஷார்ப்ஸ் ரைஃபிள் (பழைய அமெரிக்கத் துப்பாக்கி) ஒண்ணு கைக்கு வந்திருக்கு. இதுவரைக்கும் பள்ளத்துல கிரீஸ் அடைச்ச புல்லட்தான் சுட்டுட்டு இருந்தேன், இப்ப ஈயப் புல்லட்டுமேல பேப்பர் சுத்தி (பேப்பர் பேட்ச்) சுட்டுப் பாக்கலாம்னு ஆசை. பேப்பர்தான் ஈயத்தைக் குழாயில ஒட்டவிடாம பாத்துக்குதே, அப்புறம் எண்ணெய் எதுக்கு? கிளப்புல ஒரு பெரியவர் பேப்பரை லேனோலின்ல (ஆட்டு ரோமத்து மெழுகு) ஊறவைங்கறார், அவர் பக்கத்துல நிக்கறவர் பேப்பர்ல ஒரு சொட்டு பட்டாலும் குறி போச்சுங்கறார். யார் சொல்றது சரி?

மார்ச் 2, ராத்திரி

நான் பக்கத்துல நிக்கறவர் கட்சி. எண்ணெய்ப் பசை கண்டிப்பா வேணும், ஆனா அது குழாய்க்கு, பேப்பருக்குக் கிடையாது.

நீங்க ஈயத்தையே நினைச்சுட்டு இருக்கீங்க. பேப்பர் சுத்தியாச்சுன்னா ஈயம் ஒட்டற தொல்லை தீந்துது, மிச்சம் இருக்கறது கரி. கருமருந்து, அந்தக் காலத்துப் புகை கக்கற துப்பாக்கி மருந்து, எரிஞ்சா எடையில பாதிக்கு மேல, சுமார் 55 சதவீதம், வாயுவா மாறாது. பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்ஃபேட்னு உப்பா நிக்கும். கொஞ்சம் புகையா வெளிய போகுது, மிச்சம் குழாய்ச் சுவத்துல அப்பிக்குது. காத்துல ஈரம் இருந்தா அது களிம்பு மாதிரி மெத்துனு கிடக்கும், அடுத்த புல்லட் வழிச்சுட்டுப் போயிடும். வறண்ட காத்துல, குழாயும் சூடேறிட்டா, ஓடு மாதிரி இறுகிடும், அதுமேல உங்க மெல்லிசுப் பேப்பர் போனா கிழியத்தான் செய்யும், கிழிஞ்ச இடத்துல ஈயம் இரும்புல உரசும், அப்ப நீங்க தப்பிச்சதா நினைச்ச ஈயமும் வந்து ஒட்டிக்கும். கிரீஸோட வேலை இந்தக் கரியை இறுகவிடாம வெச்சுக்கறது. அவ்வளவுதான்.

மார்ச் 3

காலையில யோசிச்சதுல, அளவு சொல்லாம விட்டா மேல எழுதினது பாதிதான் புரியும்னு தோணுது.

குழாயோட உள்சுவத்துல புல்லட்டைச் சுழலவைக்கச் சுருளா பள்ளம் வெட்டியிருக்கும், நடுவுல நிக்கறது மேடு. 45 கேலிபர் குழாயில மேடு டு மேடு 0.450 அங்குலம், பள்ளம் டு பள்ளம் 0.458. பேப்பர் 0.002 அங்குல கனம்னு வெச்சுக்குங்க. ரெண்டு சுத்து சுத்தறோம், அப்ப விட்டத்துல நாலு அடுக்கு, அதாவது 0.008 கூடும். புல்லட்டை 0.442ல வார்த்து பேப்பர் சுத்தினா சரியா 0.450, மேட்டுமேல வழுக்கிட்டு உள்ள போகும். விரலால தள்ளினாப் போகணும், அதுதான் பதம். மருந்து பத்தினதும் பின்னாலேர்ந்து வர்ற உதையில மெத்து ஈயம் குறுகித் தடிச்சு பள்ளத்தை நிரப்பிக்கும். அதனாலதான் 16 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம், இல்ல 20க்கு ஒண்ணுன்னு மெத்தனமா வார்க்கறாங்க. பழைய டயர் வெயிட்டை உருக்கி ஊத்தற ஆளுங்க இங்க நிறைய, அது இதுக்கு ரொம்பக் கெட்டி.

இப்ப பாருங்க, இவ்வளவு இறுக்கமா அளவு வெச்சிருக்கற இடத்துல பேப்பரை எண்ணெயில ஊறவெச்சா அது ஊதிக்கும், நெகிழ்ந்துக்கும், கேஸ் (தோட்டாவோட பித்தளைக் கூடு) வாய்ல செருகறப்பவே சுருண்டுக்கும்.

மார்ச் 3, இன்னொண்ணு

பேப்பர் என்ன பேப்பர்னு கேட்டிருக்கீங்க. பருத்தி நார்ல செஞ்ச பழைய டைப்ரைட்டர் காகிதம், ஆனியன் ஸ்கின்னு சொல்வாங்க. ரெண்டு முனையும் சாய்வா வெட்டி, தண்ணியில நனைச்சு, ஈரத்தோட உருட்டி, முனைகள் முட்டணும் ஆனா ஒண்ணுமேல ஒண்ணு ஏறக்கூடாது. அடியில மிஞ்சறதை மடிச்சு விட்டுடுங்க. காயறப்ப தானா சுருங்கி கவ்விக்கும். பசையெல்லாம் எதுவும் வேணாம்.

மார்ச் 9

இன்னிக்கு ரேஞ்சுலேர்ந்து வந்து எழுதறேன். எண்ணெய் போட்டதுக்கும் போடாததுக்கும் உள்ள வித்தியாசம் தெரியணும்னா டார்கெட்டைப் பாக்காதீங்க, தரையைப் பாருங்க.

சுட்டு முடிச்சு, ரேஞ்சு கோல்ட் ஆனதும், அதாவது எல்லாரும் சுடறதை நிறுத்தினதும், பெஞ்சுக்கு முன்னாடி நடந்து போனா புல்லுல பேப்பர்த் துண்டு கிடக்கும். அதைப் பொறுக்குங்க. காஞ்ச பேப்பர்ல சுட்டது சின்னச் சின்ன நீளக் கீத்தா, கல்யாணத்துல தூவற கலர்ப் பேப்பர் மாதிரி கிடக்கும். ஒரு கீத்தை வெளிச்சத்துல பிடிச்சீங்கன்னா ஓரம் நேரா, பிளேடுல வெட்டினாப்ல இருக்கும், மேடு வெட்டின கோடு அது. வெளிப்பக்கம் சாம்பல் கலர், உள்பக்கம் ஈயம் தொட்ட இடம் வெள்ளையா அப்படியே இருக்கும். இதுதான் வேணும். புல்லட் குழாய் வாயைத் தாண்டின உடனே பேப்பர் கழண்டு விழுந்திருக்குன்னு அர்த்தம்.

ஊறவெச்ச பேப்பர்ல சுட்ட இடத்துல கீத்தே கம்மியா கிடைச்சுது. கிடைச்சதும் பெரிய துண்டு, பழுப்பா, ரெண்டு சுத்தும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டு, ஒரு துண்டு கிட்டத்தட்ட முழு வளையமா பெஞ்சுலேர்ந்து ரொம்ப தூரம் தள்ளிக் கிடந்தது. அவ்வளவு தூரம் புல்லட்டோடவே போயிருக்கு. ஒரு பக்கம் பேப்பர் தொத்திட்டுப் போற புல்லட் எங்க போகும்னு யாரும் சொல்ல முடியாது. 200 கஜத்துல பாக்கி எல்லாம் ஒரு கொத்தா விழுந்துது, எண்ணெய்ப் பேப்பர் மட்டும் நாலாபக்கமும் சிதறிடுச்சு. பெரியவர் லேனோலினை எவ்வளவு மெல்லிசா தடவறார்னு ஒருதரம் பாத்துட்டு வந்து சொல்லுங்க, ஊறவைக்கறதுன்னு அவர் சொல்றது வேறயா இருக்கலாம்.

மார்ச் 11

அப்ப கிரீஸ் எங்க வைக்கறதுன்னு கேட்டா, புல்லட்டுக்கு அடியில, வில்லையா.

கேஸுக்குள்ள கீழேர்ந்து மேல: மருந்து, அதுமேல ஒரு அட்டை வாட் (வட்டமா வெட்டின தடுப்பு), அதுமேல கிரீஸ் வில்லை, மறுபடி ஒரு மெல்லிசு அட்டை, அப்புறம் புல்லட். கீழ் அட்டை கிரீஸ் மருந்துக்குள்ள இறங்காம தடுக்குது. எண்ணெய் இறங்கின மருந்து சரியா பத்தாது, இதை லேசா எடுத்துக்காதீங்க. மேல் அட்டை எதுக்குன்னா கிரீஸ் புல்லட்டோட அடியில ஒட்டிட்டுப் பறக்காம இருக்க. நான் மேல் அட்டைக்கு பாலித்தீன் பூசின பால் அட்டைப்பெட்டியை வெட்டி எடுத்துக்கறேன், கிரீஸ் அதுல ஊறாது.

எந்த அடுக்குலயும் நடுவுல காத்து இருக்கக் கூடாது. கருமருந்துக்கும் வாட்டுக்கும் இடையில இடம் விட்டா குழாயே வீங்கிப்போன கதை உண்டு. லேசா அமுக்கித்தான் வைக்கணும். புகையில்லா மருந்துக்கு இந்த அடுக்கைக் கொண்டுபோகாதீங்க, அது வேற கணக்கு.

மார்ச் 11, ஒரு மணி நேரம் கழிச்சு

வில்லை செய்முறை கேட்டு ரெண்டு பேர். தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும் எடைக்கு எடை பாதிப்பாதி. தண்ணிப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வெச்சு உருக்குங்க, நேரடித் தீ வேணாம், பக்கத்துல மருந்து டப்பா இருக்கவே கூடாது. தட்டுல மெல்லிசா ஊத்தி, ஆறினதும் காலி கேஸோட வாயால அழுத்தினா வட்டமா வில்லை வந்துடும். கனம் ஒரு அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு இருந்தா ஜாஸ்தி, அதுக்குக் கீழ போதும்.

நான் இருக்கறது கொலராடோ. ஜூலை மாசம் கார் டிக்கியில தோட்டாப் பெட்டியை வெச்சுட்டு மறந்தா கொழுப்பு கூடின வில்லை இளகிடும். தேன்மெழுகு 62 டிகிரி தாண்டித்தான் உருகும், ஆட்டுக் கொழுப்பு அதுக்கு முன்னாடியே உருகிடும். அதனால வெயில் காலத்துல மெழுகைக் கூட்டுங்க, குளிர்காலத்துல குறைங்க.

மார்ச் 16

தேங்காய் எண்ணெய் ஆகாதான்னு ஒருத்தர். அட, நம்ம ஆளுதான் நீங்க! தனியா ஆகாது, 24 டிகிரியில தண்ணியாயிடும், கேஸுக்குள்ள ஓடிடும். மெழுகோட சரிபாதி கலந்தா வில்லையா நிக்குது, நான் பண்ணியிருக்கேன், கரி நல்லா மெத்துனு இருந்துது. விளக்கெண்ணெயும் கலந்து பாத்திருக்கேன், அது கெட்டியான எண்ணெய், சூட்டுல சீக்கிரம் ஓடாது, ஆனா வாசனை தூக்கலா இருக்கும்.

கார் கிரீஸ், வாசலின் வேணாம். பெட்ரோலியச் சரக்கு கருமருந்துக் கரியோட சேந்தா தார் மாதிரி ஒரு பிசுக்கு விடுதுன்னு பழைய ஆளுங்க எல்லாரும் சொல்றாங்க, என் குழாயிலயும் அதையேதான் பாத்தேன். தேன்மெழுகு, மிருகக் கொழுப்பு, தாவர எண்ணெய், இதுக்குள்ளயே நில்லுங்க. 1870கள்ல இங்க திமிங்கில எண்ணெய் ஊத்தி மெழுகை இளக்கினாங்க. இப்ப அது கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

மார்ச் 24

கொழுப்புன்னு எழுதினதும் ஒருத்தர் 1857ஐ இழுத்துட்டார். இழுத்தது நல்லதுதான், ஏன்னா நான் மார்ச் 2ல சொன்னதை அது கொஞ்சம் அசைக்குது.

ஸ்கூல்ல எல்லாரும் படிச்சோம், கொழுப்பு தடவின தோட்டா, பல்லால கடிக்கணும், சிப்பாய்ங்க மறுத்தாங்க, மீரட்டுல ஏப்ரல் 24 அணிவகுப்புல 3ஆம் வங்காள லைட் கேவல்ரியோட 90 பேர்ல 85 பேர் தோட்டாவைத் தொடமாட்டேன்னாங்க, மே 10 கலகம். ஆனா அந்தக் கொழுப்பு அங்க என்ன வேலை பாத்துதுன்னு எந்த வாத்தியாரும் சொன்னதா ஞாபகம் இல்ல.

என்ஃபீல்டு 1853 மாடல் வாய்வழியா அடைக்கற ரைஃபிள், 0.577 அங்குலக் குழாய். தோட்டான்னா ஒரு காகிதக் குழல்தான். ஒரு முனையில மருந்து, இன்னொரு முனையில புல்லட் தலைகீழா. மருந்து முனையைக் கடிச்சுக் கிழிச்சு, மருந்தைக் குழாயில கொட்டிட்டு, தோட்டாவைத் திருப்பி புல்லட் இருக்கற முனையைக் காகிதத்தோடவே குழாய் வாயில வெச்சு, மிச்சக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு, ராடால இடிக்கணும். அதாவது புல்லட் காகிதச் சட்டையோடதான் உள்ள போகுது. பாத்தா நம்ம பேப்பர் பேட்ச்தான்! கொழுப்பு தடவினது அந்தச் சட்டைக்கு வெளிப்பக்கம்.

அப்ப பேப்பர்ல கிரீஸ் போட்டுத்தான் ஒரு சாம்ராஜ்யமே சுட்டிருக்கு. நான் வேண்டாம்னு சொல்றேன். இடிக்குதுல்ல? நாளைக்கு எழுதறேன்.

மார்ச் 25

யோசிச்சுட்டேன். சிப்பாய் ஒவ்வொரு குண்டுக்கும் நடுவுல குழாயைத் துடைக்கறதில்ல. சண்டையில அதுக்கு நேரம் ஏது? அதுவும் புல்லட் வாயிலேர்ந்து அடிவரைக்கும் முழு நீளத்துக்கு கரிமேல உரசிட்டு இறங்கணும். அங்க காகிதத்துல பசை இல்லாட்டி பத்துப் பன்னெண்டு குண்டுல ராடை எவ்வளவு இடிச்சாலும் இறங்காது. இறங்கறப்பதான் அந்தப் பசைக்கு வேலை.

நம்ம ஷார்ப்ஸ் பின்பக்கமா திறக்கற ரைஃபிள். புல்லட் எங்கயும் இறங்கவேணாம், குண்டுக்குக் குண்டு நம்மால துடைக்க முடியும். மேட்டளவுக்கு பேப்பர் சுத்தினா துடைச்சே ஆகணும், ஏன்னா துடைக்காத குழாயில அடுத்த புல்லட் நுழையறப்பவே பேப்பர் கசங்கிடும்.

ஆக இப்படி மாத்திக்கறேன்: துடைக்கற ஆளுக்குக் காஞ்ச பேப்பர், துடைக்க முடியாத ஆளுக்குப் பசை தடவின பேப்பர். மார்ச் 2ல சொன்னப்ப இந்த ரெண்டாவது ஆளு என் மனசுல இல்ல.

கொழுப்போட இன்னொரு கூத்து, இந்திய வெயில்ல அது நிக்கவும் இல்ல, உருகிக் காகிதத்துல ஊறிப்போச்சு. அப்புறம் கொழுப்பைக் குறைச்சு தேன்மெழுகைக் கூட்டினாங்க, புல்லட்டோட விட்டத்தையும் 0.568லேர்ந்து 0.55க்கு இறக்கினாங்க, கரி படிஞ்ச குழாயிலயும் சுலபமா இறங்கட்டும்னு. 1857 ஆரம்பத்துலயே சிப்பாய்ங்க அவங்களே வாங்கற மெழுகையும் எண்ணெயையும் தடவிக்கலாம்னு அரசாங்கம் சொல்லிப் பாத்துது. அதுக்குள்ள நம்பிக்கை போயிடுச்சு. நம்பிக்கை போனதுல எனக்கு ஆச்சரியமே இல்ல, ஒரு மனுஷன் வாயில வைக்கற பொருள்ல என்ன இருக்குன்னு அவன்கிட்ட முன்கூட்டிச் சொல்லணும்.

மார்ச் 25, ராத்திரி

1871ல வந்த மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளை மறந்துட்டேன். அதே பிரிட்டிஷ் பட்டாளம், ஆனா பின்பக்கம் திறக்கறது. 480 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) புல்லட், பேப்பர் சுத்தினது, 85 கிரெய்ன் கருமருந்து, புல்லட்டுக்கு அடியில அட்டைகளுக்கு நடுவுல தேன்மெழுகு வில்லை. கொழுப்பு பேப்பர்லேர்ந்து இறங்கி வில்லைக்குப் போயிடுச்சு பாத்தீங்களா. மார்ச் 11ல நான் சொன்ன அடுக்கு இதேதான்.

ஏப்ரல் 6

துடைக்கறது எப்படின்னு கேள்வி மேல கேள்வி. லேத்துல கூலண்டா ஊத்துவாங்களே, தண்ணியில கலந்தா பால் மாதிரி ஆகற எண்ணெய், அதைத் தண்ணியில நல்லா நீர்க்கக் கலந்து, துணியை நனைச்சுப் பிழிஞ்சு, பின்பக்கத்துலேர்ந்து முன்பக்கமா ஒரு தள்ளு. அடுத்து காஞ்ச துணி ஒண்ணு. தோட்டா உக்கார்ற சேம்பரைத் தனியா விரல் விட்டுத் துடைங்க, அங்க ஈரம் தங்கினா அடுத்த குண்டு எங்கயோ போகும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி செய்யணும், ஒருதரம் சொட்டச் சொட்ட, ஒருதரம் காஞ்சுபோய்னு பண்ணினா பேசாம துடைக்காமலே இருக்கலாம்.

ஊதறவங்களும் உண்டு. காலி கேஸ்ல ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, சேம்பர்ல வெச்சு, மூச்சை மெதுவா விட்டா மூச்சுல இருக்கற ஈரம் கரியை இளக்கும். இது திறந்த பின்பக்கத்துலேர்ந்துதான், குழாய் வாயில வாயை வைக்கற பழக்கம் யாருக்கும் வேணாம். உலோகத்துல ஆடு, பன்றி, கோழின்னு வெட்டி நிறுத்தி சுடற போட்டியில நேரம் கம்மி, அங்க ஊதறதுதான் ஓடுது. பேப்பர்க்காரனுக்கு ஊதறது பத்தாது.

ஏப்ரல் 20

நியூ மெக்ஸிகோ ராட்டன் போயிட்டு வந்தேன், விட்டிங்டன் சென்டர்ங்கற ரேஞ்சு. 6,000 அடிக்கு மேல உயரம், உதடு வெடிக்கற வறட்சி. காலையில ஒரு நனைச்ச துணி போதுமா இருந்துது. மத்தியானம் காத்து அடிச்சு வெயில் ஏறினதும் அதே துணி பாதியில நின்னுடுச்சு, ரெண்டு நனைச்ச துணி விடவேண்டியதாச்சு. கரி கருப்பா பொடியா வந்தா வறண்டுபோச்சுன்னு அர்த்தம், குழம்பா வழிஞ்சு வந்தா சரி. துணியைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாருங்க, வில்லை போதுமா பத்தலையான்னு அதுவே சொல்லிடும்.

கடலோரத்துல சுடற ஒருத்தர் வில்லையே வைக்காம காஞ்ச பேப்பரோட, துடைச்சு மட்டுமே சுடறேன்னு எழுதியிருக்கார். நம்பறேன். அவர் ஊர்க் காத்து பாதி வேலையைச் செஞ்சுடுது. நான் வில்லையை விடமாட்டேன்.

மே 4

1874 கிரீட்மூர் துப்பாக்கிப் போட்டி பத்திக் கேட்டவருக்கு. செப்டம்பர் 26, நியூயார்க் பக்கம் லாங் ஐலண்ட், அயர்லாந்து டீம் எதிரா அமெரிக்க டீம். ஆளுக்கு 800, 900, 1000 கஜம் ஒவ்வொண்ணுலயும் 15 குண்டு. ஐரிஷ்காரங்க ரிக்பிங்கற துப்பாக்கிக் கம்பெனியோட வாய்வழி ரைஃபிள், அமெரிக்கர்கள் ரெமிங்டனும் ஷார்ப்ஸும், பின்வழி. அமெரிக்கா 934, அயர்லாந்து 931. மூணே பாயின்ட்! ஒரு ஐரிஷ்காரர் நடுவுல அடிச்ச புல்ஸ்ஐ ஒண்ணு பக்கத்து டார்கெட்டுல விழுந்து சைபர் ஆச்சு, அப்ப புல்ஸ்ஐக்கு நாலு பாயின்ட், கணக்கு நீங்களே போட்டுக்குங்க. அதனால பின்வழி ரைஃபிள்தான் ஜெயிச்சுதுன்னு இதை வெச்சு அடிச்சுச் சொல்றவங்க கூட எனக்கு ஒத்துப்போகாது. போட்டியில வாய்வழிக்காரங்க, சிப்பாய் மாதிரி இல்லாம, குண்டுக்குக் குண்டு துடைப்பாங்க, ஒவ்வொரு குண்டும் சுத்தமான குழாயில போகும், அதோட துல்லியத்துக்கு அது பெரிய காரணம். பின்வழி ஆளுங்களும் துடைக்கப் பழகினப்பதான் அந்தச் சுத்தம் இவங்களுக்கும் கிடைச்சுது.

மே 5

கிளப்புப் பெரியவரைப் பாத்துட்டு வந்து கேள்வி கேட்டவரே எழுதியிருக்கார். அவர் சுண்டுவிரல் நுனியில லேனோலின் தொட்டு, உள்ளங்கையில தேய்ச்சுட்டு, அந்தக் கையால புல்லட்டை ஒருதரம் உருட்டறாராம், அவ்வளவுதானாம். அதுல எனக்குச் சண்டையே இல்ல. பேப்பர் பளபளன்னு ஆகக்கூடாது, விரல்ல தடவினா வழுக்கணும், அவ்வளவு இருந்தா கேஸ் வாய்ல சிக்காம போகும், பனிமூட்டத்துல பேப்பர் ஈரம் குடிக்காமலும் இருக்கும். வெளிச்சத்துல பிடிச்சா பேப்பர் ஊடுருவித் தெரியுதுன்னா ஜாஸ்தி.

மே 18

சுத்தி வெச்ச புல்லட் எத்தனை நாள் தாங்கும்னு கடைசியா ஒரு கேள்வி. காஞ்ச பேப்பரோட, மூடி இறுகின டப்பாவுல, குத்துவாக்குல நிக்கவெச்சா மாசக்கணக்குல தாங்குது, நான் போன குளிர்காலத்துல சுத்தினதை இப்ப சுட்டுட்டு இருக்கேன். லேனோலின் தடவறதா இருந்தா சுடப்போற அன்னிக்குக் காலையில தடவுங்க, முன்னாடியே தடவி வெச்சா அது பேப்பருக்குள்ள ஊறி ரெண்டு சுத்தையும் ஒட்டிடும். வில்லை வெச்ச தோட்டாவை வெயில் காலத்துல ஐஸ்பெட்டியில ஐஸ் இல்லாம வெச்சு எடுத்துட்டுப் போங்க, புல்லட் முனை கீழ பாக்கற மாதிரி, இளகினாலும் மருந்துப் பக்கம் போகாது.

200 கஜத்துல உங்க கொத்து எப்படி வந்துதுன்னு எழுதுங்க, தரையில பொறுக்கின பேப்பர் படத்தோட.